ஸ்கைலாப் விழும் நாளில் பெண் பார்க்க வந்தவர்

போன வாரம் கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றியது. ஏதோ ஒரு நாட்டு ராக்கெட்டின் உடைந்த துண்டு இலங்கைப் பக்கமாக விழப்போகிறதாம். ஹட்டனில் எங்கள் பக்கத்து வீட்டு மேரி ஓடி வந்தாள். “டீச்சர், கொடியில காயுற துணிய எடுத்துறவா?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துவிடச் சொன்னேன். ராக்கெட் வராவிட்டாலும் மழை வரும். இந்த ஊரில் அதற்கு உத்தரவாதம் உண்டு.

பிறகுதான் யோசித்தேன்... மேரியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? ஸ்கைலாப்புக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தவள்தானே நான்!

1979, ஜூலை மாதம். அமெரிக்கா மேலே அனுப்பிய ஸ்கைலாப் என்ற விண்வெளிக்கூடம் பூமியில் விழப்போகிறது – எங்கே என்று அவர்களுக்கே தெரியாது. நாங்கள் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். எனக்குப் பதினெட்டு வயது. லயத்தில் இருந்த ஒரே ரேடியோ எங்களுடையது. பெட்டரி செத்துப்போயிருந்தது. வெயிலில் காயவைத்தால் இன்னும் இரண்டு நாள் பாடும். ஆனால் ஜூலையில் வெயிலுக்கு எங்கே போவது? இரண்டு வாரமாக மழை.

மிஞ்சியது பேப்பர். அது தோட்டத்து ஆபீசுக்கு வரும். பெரிய கிளாக்கர் படித்து முடித்து மறுநாள் விடியற்காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அப்பாவிடம் தருவார். அப்பா உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். ஆக, எங்களுக்கு எல்லாச் செய்தியும் ஒரு நாள் பிந்தித்தான். அதனால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. மந்திரி நேற்றுப் பேசினால் என்ன, இன்றைக்குப் பேசினால் என்ன?

அன்று காலை அப்பா படித்தார்: ‘ஸ்கைலாப் இன்று விழலாம்.’

அவ்வளவுதான். பெண்கள் மலைக்கு ஏற மாட்டோம் என்றார்கள். கணக்கப்பிள்ளை அதட்டினார், பிறகு கெஞ்சினார். கடைசியில் பாதிப் பேர் கொழுந்துக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். மீதிப் பேர் வீட்டுக்குள். வானத்தைப் பார்த்தாவது பயப்படலாம் என்றால் – மூடுபனியில் வானமே தெரியவில்லை.

எங்கள் வீட்டில் பயம் இரட்டிப்பு. அன்று மாலை ராஜம் அக்காவைப் பெண் பார்க்கக் கொட்டகலையிலிருந்து வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு இடத்தார் வந்து, வடை தின்று, கடிதம் போடுவதாகச் சொல்லிப் போனவர்கள் போனவர்கள்தான். இதுவும் தப்பினால் அத்தை மகனுக்கே கொடுத்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அந்த மனிதர் வாயைத் திறந்தால் சுயபுராணம், அல்லது யாரையாவது மட்டம் தட்டுவது. அவரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று அக்கா என்னிடம் அழுதிருக்கிறாள்.

இன்றைக்கு எவனும் வரமாட்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அப்பா கட்டிலுக்கு அடியில் பாய் விரித்தார். அம்மா, நான், தம்பி எல்லாரும் உள்ளே. அக்கா மட்டும் வரவில்லை. அவள் பாட்டுக்கு வடைக்குப் பருப்பு அரைத்தாள்.

நான்கு மணி இருக்கும். வாசலில் குடை மடக்கும் சத்தம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா. பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் மழையில் ஏறி வந்திருக்கிறார்கள். அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார் – கையில் பேப்பர், தலையில் ஒட்டடை. சம்பந்திகளை அப்படி வரவேற்ற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

“இன்னைக்கு விழுதுன்னு போட்டிருக்கானே... பயமில்லாம வந்திருக்கீங்களே” என்று பேப்பரை நீட்டினார்.

மாப்பிள்ளை வாங்கிப் பார்த்தார். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை அவர் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, பேப்பரை மடித்து அப்பாவிடமே கொடுத்தார்.

“விழுறது விழட்டுங்க. வர்றோம்னு சொல்லியாச்சு, வராம இருக்கலாமா?”

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தேத்தண்ணித் தட்டோடு நின்ற அக்கா, தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அன்றே சம்மதம்.

மறுநாள் வந்த பேப்பரை அப்பா ஏனோ சத்தமில்லாமல் படித்தார். நாங்கள் ஒளிந்து கிடந்ததற்கு முந்தின இரவே ஸ்கைலாப் கடலிலும் ஆஸ்திரேலியாவிலுமாக விழுந்து முடிந்திருந்தது. பயம் வந்தவர்கள் யாராவது தேதி பார்ப்பார்களா? ஆனாலும் அப்பா விடவில்லை. வானம் இடிந்தாலும் வாக்குத் தவறாத மருமகன் என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ஆறு வருடம் கழித்து ஒரு நாள் மத்தியானம், கொட்டகலையில் அக்கா வீட்டில் சாப்பாடு. அப்பா பேரப்பிள்ளைகளுக்கு அந்த வீரக்கதையை இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அத்தானுக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி ஒப்புக்கொண்டார் – ஸ்கைலாப் விழுந்துவிட்டதைப் பெண் பார்க்க வந்த அன்று காலை ரேடியோவிலேயே கேட்டுவிட்டாராம். அவரிடம் நல்ல பெட்டரி இருந்திருக்கிறது!

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா நிதானமாக அவருக்கு ரசம் ஊற்றினாள்.

“தெரியும். நீங்க பேப்பர்ல தேதியப் பாத்தீங்க, உங்க பெரியப்பா வாய அடைச்சீங்க. எங்கப்பாவ அத்தன பேரு முன்னால முட்டாளாக்காம ஒரு பொய் சொன்னீங்கள்ல... அதுக்குத்தான் தலையாட்டுனேன்.”

ஸ்கைலாப் கடைசியில் அத்தான் தலையில்தான் விழுந்தது.