தங்கை ஓடிய ஓட்டமும் என் ஸ்வெட்டரும்

என் தங்கை ஓடினால் பார்க்க வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. ஏற்றம் என்றால் எங்களுக்கெல்லாம் மூச்சு வாங்கும். அவளுக்கு ஏற்றத்தில்தான் வேகமே பிடிக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டால், தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறி அடுத்த வளைவில் பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்பாள். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு ஏற்றிக்கொள்வார்.

எண்பதுகளின் கடைசி அது. குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிப்பு. நானும் புதிதாக ஃபாக்டரியில் சேர்ந்திருந்தேன். தங்கை பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள்.

சுற்றுவட்டார எஸ்டேட்டுகள் சேர்ந்து வருஷா வருஷம் ஓட்டப் பந்தயம் நடத்துவது வழக்கம். எங்கள் ஃபாக்டரி வாசலில் ஆரம்பித்து, குன்னூரில் ஒரு மைதானத்தில் முடியும். ஆறு மைல். ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் ஓட வேண்டும். பரிசு மட்டும் தனித்தனி. அந்த வருஷம் கோயமுத்தூரில் ஒரு காலேஜிலிருந்து பி.டி. மாஸ்டர் வருகிறார், பெண்களில் முதலாவதாக வருகிறவளுக்கு அங்கே சீட்டும் ஹாஸ்டலும் உண்டு என்று சொன்னார்கள். தங்கைக்கு பி.டி. டீச்சர் ஆக வேண்டும் என்று கொள்ளை ஆசை. சீட்டு கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் கூடையை மாட்டிக்கொண்டு அம்மாவோடு கொழுந்துக்குப் போக வேண்டியதுதான். எங்களுக்கு வேறு போக்கு இல்லை.

அப்பா அரை மனசாகத்தான் சம்மதித்தார். "தனியா உடறதுக்கில்ல. நீயும் கூடவே ஓடோணும். கண்ணு அவ மேலயே இருக்கோணும்" என்றார். எனக்கு ஒரே பெருமை. போலீஸ் உத்தியோகமே கிடைத்துவிட்ட மாதிரி நிமிர்ந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்திருந்தது மெல்லிய வெள்ளை பனியன். பழகுவதற்காக ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓடினாள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த பயல்கள் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். பின்னால் வந்த என் காதில் விழுந்தது. அவன்களை ஒரு வார்த்தை கேட்க எனக்குத் துப்பில்லை. வீட்டுக்கு வந்து இவளிடம் எகிறினேன்.

"நாளையிலிருந்து என்ற சொட்டரப் போட்டுட்டு ஓடு. எங்கியும் கழட்டக் கூடாது. ஊருக்கே வேடிக்கை காட்டறியா?"

மறுநாளே போட்டுக்கொண்டாள். என்னுடைய மெரூன் ஸ்வெட்டர் அவளுக்குத் தொடை வரைக்கும் வந்தது. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டாள். விடிகாலைக் குளிரில் பழகியதால் அது ஒரு பாரமாகவே தெரியவில்லை.

வழக்கமாகப் பந்தயம் ஜனவரியில் நடக்கும். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் முன்னால் ஓடுகிறவனின் முதுகுகூடப் பனியில் தெரியாது. அந்த வருஷம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஏப்ரலுக்கு வந்துவிட்டது. அதுவும் ஏழு மணிக்கே ஆரம்பித்திருந்தால் தொல்லை இல்லை. கொடியசைக்க வேண்டிய பெரிய மனுஷர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. எத்தனையோ வருஷமாக மப்ளரைத் தலையிலிருந்து எடுக்காத ஃபாக்டரி வாட்ச்மேன், அன்றைக்குத்தான் அதை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "என்னங்க இது, கீழ மேட்டுப்பாளையத்துல நிக்கற மாதிரி இருக்குது?" என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மலைக்காரனுக்கு வெயிலைப் பற்றி என்ன தெரியும்? வேர்த்தால் காய்ச்சல் விடுகிறது என்று சந்தோஷப்படுகிற ஆட்கள் நாங்கள்.

முதல் மைல் முடிவதற்குள் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுவார்கள். வழி நெடுக மொட்டை மரங்கள். தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டது. தங்கை பெண்களில் முதலாவதாக, எனக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வேறு எஸ்டேட் பெண் ஒருத்தி, வெறுங்காலோடு, அரைக்கைச் சட்டையில்.

இரண்டாவது மைலில் நான் போட்டிருந்த இன்னொரு ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஆமாம், நான் கழற்றினேன். யோசிக்கக்கூட இல்லை.

பாதி வழியில் மேஜை போட்டு இரண்டு டிரம் வைத்திருந்தார்கள். இரண்டிலும் கொதிக்கக் கொதிக்கச் சுக்குக் காப்பி. ஜனவரிக்குச் செய்கிற ஏற்பாட்டை அப்படியே ஏப்ரலுக்கும் செய்திருந்தார்கள்.

"தண்ணி இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"ஓடறப்பப் பச்சத்தண்ணி குடிச்சா நெஞ்சுல சளி கட்டிக்குமுங்க. காப்பி குடிங்க" என்றார் ஊற்றிக்கொண்டிருந்தவர், மிகுந்த அக்கறையோடு.

தங்கை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. ஸ்வெட்டர் கழுத்தை இரண்டு விரலால் இழுத்து விட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, வேகுதுண்ணா."

மேஜையைச் சுற்றி முப்பது பேர் நின்றிருந்தார்கள். அதில் பஸ் ஸ்டாப் பயல்களும் இருந்தார்கள். என் இடுப்பில் என் ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருக்க, நான் கூடாது என்று தலையை ஆட்டினேன். "கொஞ்சந்தான் புள்ள. ஓடு."

அவள் ஓடினாள்.

கடைசி மைல் ஏற்றம். வழக்கமாக அவள் பறக்கிற இடம். அன்றைக்குக் கால்கள் கோணலாக விழுந்தன. ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகப் போனாள். "நேரா ஓடு, நேரா ஓடு" என்று பின்னாலிருந்து கத்தினேன். கத்தத்தான் தெரிந்தது எனக்கு. மைதானத்துக்குள் நுழைந்தபோதும் அவள்தான் முதல். முடிவுக் கயிறு கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு ஐம்பதடி முன்னால், யாரோ உட்காரச் சொன்னதுபோல உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்தாள். வெறுங்கால் பெண் அவளைத் தாண்டிப் போய்க் கயிற்றைத் தொட்டாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளும் முகமெல்லாம் வெந்துபோய்த்தான் வந்தாள்.

தங்கையின் உடம்பைத் தொட்டால் சுட்டது. கை கால் உதறியது. "அய்யோ, குளிர்காய்ச்சல்" என்று யாரோ கம்பளி கொண்டு வந்தார்கள். நானே அதை வாங்கி அவள் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தினேன். நடுங்குகிறவர்களைப் போர்த்தத்தான் எங்களுக்குத் தெரியும்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கோயமுத்தூர் மாஸ்டர் வந்தார். "கம்பளிய எடுய்யா! புள்ளைக்கு வெயில் அடிச்சிருக்குது, போத்திக் கொல்லப் பாக்கறீங்களா?" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். அவரே ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவி எறிந்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றச் சொன்னார். வெள்ளை பனியனோடு, நனைந்து, மைதானத்து நடுவில் கிடந்தாள் என் தங்கை. எது நடக்கக் கூடாது என்று அந்தப் பாடு பட்டேனோ அது ஊர் முழுக்கப் பார்க்க நடந்தது. ஒருத்தனும் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாப் பயல்களில் ஒருவன்தான் ஓடி ஓடிக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தான்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிழைத்தாள். சீட்டு அந்தப் பெண்ணுக்குப் போனது, நியாயமாக. ஜூனில் தங்கை கூடையை மாட்டினாள். அதன் பிறகு அவள் ஓடி நான் பார்க்கவில்லை. அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவளும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. ஒருமுறையாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, போன மாதம் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது நானே கேட்டேன். அவள் முறத்தில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, அன்னிக்கு அண்ணன் சொன்னா சொல்லிட்டுப் போறான்னு அந்தச் சொட்டரக் கழட்டி வீசியிருக்கலாமில்ல?"

"கழட்டியிருந்தா அப்பாகிட்ட என்ன சொல்லியிருப்பே?" என்றாள். "அதுக்கு மேல என்னைய காலேஜுக்கு உட்டிருப்பீங்களா?"

"உட்டிருப்போம்" என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோபமும் இல்லை. "பொய் சொல்லாதண்ணா" என்றாள்.