உதயகலாவின் மைக்

அரியாலையில் ஒலிபெருக்கி கட்டும் பிரகலாதனுக்கு ஊர்வாய் என்றால் உதறல். மனைவி உதயகலா கச்சேரிகளுக்கு வயலின் வாசிப்பவர். தான் பூட்டிய மைக்கில் சொந்த மனைவியின் சத்தம் தூக்கலாகக் கேட்டால் சனம் என்ன கதைக்கும்? அந்தப் பயத்தில் பதினெட்டு வருடமாக வயலினை அடக்கியே வைத்தார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் வயலினுக்கான குமிழுக்குப் பக்கத்தில் மனைவியின் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டி, அதற்கு மேல் ஏற்றுவதில்லை என்று ஒரு விரதம் வேறு. மனிதர் இதை நேர்மை என்று நம்பினார், பாவம்.

கோயில் திருவிழாக் கச்சேரிக்குப் புறப்படும்போது உதயகலா சொன்னார்:

“இஞ்சருங்கோ, இண்டைக்குத்தான் கடைசி. ஒருத்தருக்கும் கேக்காத வயலினை நான் வீட்டிலை இருந்தே வாசிக்கலாம்.”

பிரகலாதன் வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார்.

கனகாம்பிகை பாட்டு, சுபாங்கன் மிருதங்கம். இரண்டாவது பாட்டில் கரண்ட் போனது. ஜெனரேற்றர்க் கயிற்றை இழுத்து இழுத்துப் பிரகலாதனுக்குத் தோள் கழன்றதுதான் மிச்சம். மேடையில் மூவரும் நிறுத்தவில்லை. சனம் கதைப்பதை விட்டு முன்னுக்கு நகர்ந்து இருந்தது. பிரகலாதனும் எண்ணெய்க் கையோடு வந்து நின்றார்.

அப்போதுதான் கேட்டது. கனகாம்பிகை மூச்செடுக்கும் இடைவெளியில் பாட்டு அறுந்து போகாமல் வயலின் ஏந்திக்கொண்டது. அந்த நம்பிக்கையில் பாடகி இன்னும் மேலே துணிந்து போனார். இருவரும் எங்கே போனாலும் திரும்பி வந்து காலூன்ற மிருதங்கம் இடம் போட்டு வைத்திருந்தது. நடுவில் ஒரு தந்தி இளகி, உதயகலா வாசிப்பை விட்டுச் சுருதி சேர்த்தார். அந்தச் சொற்ப நேரம் பாட்டு இருந்தது, மிருதங்கமும் இருந்தது; ஆனாலும் ஒரு பிரி உருவிய கயிறு போல எல்லாமே தளர்ந்தது. வில் மறுபடி பட்டதும் பிரகலாதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது மூன்று பேரின் சத்தமா? மூவரில் ஒருவரிடமும் தனியாக இல்லாத ஒன்றல்லவா! இத்தனை வருடம் பக்கத்திலிருந்தும் கேட்காமல் போனேனே என்று கண் கலங்கியது.

கரண்ட் வந்தது. ஓடிப்போய் அந்தப் பொட்டை உரித்தெடுத்தார். மூன்று சத்தமும் சேர்ந்து நிற்கும்வரை குமிழை ஏற்றினார்.

“பாத்தியளே, தன்ரை மனுசியின்ரை சத்தத்தைக் கூட்டிப்போட்டார்,” என்றார் பின்னாலிருந்த தேவராசா, வீதி முழுக்கக் கேட்க.

பதினெட்டு வருடம் பயந்த சொல் இதுதான்.

“ஓம், கூட்டினனான்,” என்றார் பிரகலாதன். “நீங்கள் கதைக்காமல் கேளுங்கோ.”

மேடையில் உதயகலா, வில்லை நிறுத்தாமலே, தலையை நிமிர்த்தி ஒலிபெருக்கியைப் பார்த்தார். கச்சேரி முடிந்து வயலினைப் பெட்டியில் வைக்கும்போது கணவரிடம் கேட்டார்:

“வாற வெள்ளிக்கிழமை எந்தக் கோயில்?”