நான் மாற்றிச் சொன்ன வசனம்

அந்த வலையை அறுத்தவன் நான். என் அண்ணன் அல்ல!

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரு வாக்கியத்தை விழுங்கி வைத்திருக்கிறேன். உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. நீங்கள் என் அண்ணன் இல்லையே...

குருநகரில் அண்ணனுக்கு ஒரு படகு இருந்தது. அவர் காய்ச்சலில் கிடந்த ஒரு காலை, நான் தனியே கடலுக்குப் போனேன். அயலவர் ஒருவரின் வலை எஞ்சினில் சிக்கிவிட்டது. பொறுமையாக அவிழ்த்திருக்கலாம். எனக்கு எங்கே பொறுமை? கத்தியால் அறுத்தெறிந்துவிட்டு வந்தேன். எங்கள் கரையில் அடுத்தவன் வலையை அறுப்பது, அவன் சோற்றில் மண் போடுவது.

படகைக் கண்டவர்கள் இருந்தார்கள். ஓட்டியவனைக் கண்டவர் இல்லை. ஊர் கூடிக் கேட்டபோது அண்ணன் என்னை ஒருதரம் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"ஓம், என்ரை படகுதான்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவருக்குத் தெரியாதா? படகு தானாகவா போனது!

மாதா கோயில் திருநாளில் சொரூபத்தைத் தூக்கும் தோள்களில் இனி அவர் தோள் வேண்டாம் என்றார்கள். அப்பாவுக்குப் பிறகு அவர் தூக்கிவந்த இடம் அது. மறுவருடம் நான் பிரான்சுக்குப் போய்விட்டேன். அவர் கோயிலின் பின்சுவரோடு நிற்கத் தொடங்கினார்.

இந்த வருடம்தான் ஊரோடு இருந்துவிடத் திரும்பி வந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கைத்தொலைபேசியில் ஒரு பிரெஞ்சுத் தொடர் நாடகம் பார்ப்பேன். அண்ணனும் கிழிந்த வலையை ஊசியால் பொத்தியபடி பக்கத்தில் வந்திருப்பார். அவருக்காக ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்வேன். ஓர் ஆலையில் இரண்டு சகோதரர். தம்பியின் கவனக்குறைவால் ஆலை எரிகிறது. பழியேற்றுத் தமையன் சிறைக்குப் போகிறான். தம்பியோ மனச்சாட்சியைத் தொலைத்துவிட்டு முதலாளியோடு விருந்துண்கிறான்.

"அறுவான், வாயைத் திறக்கிறானில்லையே!" என்று அண்ணன் அவனைத் திட்டித் தொடையில் தட்டினார்.

அடுத்த பாகத்தில் அந்தத் தம்பி சிறைக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றான். அழுதுகொண்டே சொன்னான்: நான்தான்... அது நான்தான்!

"என்னடா சொல்லுறான்?"

நான் தொலைபேசியின் ஒலியைக் குறைத்தேன்.

"சாப்பிட்டியோ எண்டு கேக்கிறான், அண்ணை."

அண்ணன் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உதுக்கோ உவன் உப்பிடி அழுகிறான்?"

அதற்குப் பிறகு அந்த நாடகத்தை நான் அவருக்குக் காட்டவில்லை.

திருநாள் வந்தது. கோயில் சபையார் வீடு தேடி வந்தார்கள், என்னிடம்! "தம்பி, கன காலத்துக்குப் பிறகு வந்திருக்கிறியள். இந்தமுறை மாதாவுக்கு நீங்கள் ஒரு தோள் குடுக்கவேணும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்! அண்ணன் முற்றத்தில்தான் இருந்தார். வலை பொத்திக்கொண்டிருந்த அவர் கை ஊசியோடு அப்படியே நின்றது. நானோ "ஓம்" என்றேன்... என்ன பிறவி நான்!

சொரூபம் தாங்கும் தடியைத் தோளில் வைத்துத் தூக்கினேன். பின்சுவரோடு நின்றவர் மாதாவை விட்டு என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் செபம் வரவில்லை. அன்னையே என்று தொடங்கினால், அண்ணையே, அண்ணையே என்றுதான் உள்ளே ஓடியது.

நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் நல்லெண்ணெய் சூடாக்கி வைத்திருந்தார்.

"பழக்கமில்லாத தோளெல்லே. சேட்டைக் கழட்டு."

சட்டையைக் கழற்றி, அவருக்கு முதுகு காட்டி இருந்தேன்.

தேய்த்துவிட்டார். வலைக்கயிறு உரசி உரசிக் காய்த்த கை. ஆனால் என்ன மிருது!

"தடியை எலும்பிலை வைக்காதை. கழுத்தோரமாய் வைக்கவேணும். வாற வருசத்துக்குச் சொல்லுறன்."

இந்த அன்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், சொல்லுங்கள்?

கழுத்தோரமாக அழுத்தித் தேய்த்தார். பிறகு கேட்டார்:

"உன்ரை நாடகத்திலை உவன்... பிறகெண்டாலும் சொன்னவனோ?"

என் முகம் அவருக்குத் தெரியாது. முதுகுதான் தெரியும்.

"இன்னும் இல்லை, அண்ணை."

"ம்," என்றார். உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, நோகாத மற்றத் தோளையும் தேய்த்துவிட்டார்.