புது நெல்லுக்குள் கண்ணாடித் தகடுகள்

வாவிக்கரையில் குடியிருப்பவன் எதையும் பாதுகாத்து வைக்க ஆசைப்படக் கூடாது. உப்புக்காற்று ஒன்றையும் விட்டுவைக்காது. நான் ஆசைப்பட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் மட்டக்களப்பில் பௌதிக ஆசிரியனாக இருந்தேன். மாரி மேகம் விலகும் இரவுகளில், சிறு தொலைநோக்கியின் முன்னால் ஒளியை நிறநிறமாய்ப் பிரிக்கும் அரியமொன்றைப் பொருத்தி, வடவானத்து நட்சத்திரம் ஒன்றைப் படம்பிடிப்பேன். அந்த ஒன்றைத்தான், வருசக்கணக்காக. அது விம்மித் தணியும் நட்சத்திரம். துடிப்பதோடு பம்பரமாய்ச் சுழலவும் செய்வதால், இடுப்பிலிருந்து வாயுவை வீசித் தன்னைச் சுற்றி வட்டமாகப் பரப்பிவைத்திருந்தது. அந்த வாயு இருக்கும்வரை, நிறமாலையில் ஒரு கோடு பளிச்சென்று தெரியும். அந்தக் கோடு வருசத்துக்கு வருசம் மங்கிக்கொண்டு வந்ததை நான் கண்டேன். அதற்குச் சாட்சி, படம் பதிந்த கண்ணாடித் தகடுகள் மட்டுந்தான்.

தகடுகளில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் அவற்றைத் தகரப்பெட்டியில் அடைத்து, நெல் அறையில் காய்ந்த பழைய நெல்லுக்குள் புதைத்தேன். நன்றாய்க் காய்ந்த நெல் ஈரத்தை அண்டவிடாது.

"மாங்காயெண்டா பழுக்கும். இது என்ன பழுக்கப்போகுது?" என்று மனைவி சிரித்தாள்.

இரண்டு மாரி தாண்டியும் தகடுகள் பழுதின்றி இருந்தன. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், தகடுகளை அனுப்பினால் அளந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். இனி என் வேலைக்கும் ஒரு மதிப்புண்டு என்று நினைத்தேன்.

அந்த வருசம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கிரான் ஊரில் எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் அண்ணன், நனைந்த நெல்லையாவது காப்பாற்றுவோமென்று வண்டியில் ஏற்றிவந்து அந்த அறையிலேயே கொட்டிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மச்சான் வந்து சொன்னவுடனேயே பெட்டியை எடுத்துத் திறந்திருக்கலாம். "பெட்டி பத்திரமா அடியில கிடக்கு மச்சான், நான் தொடவே இல்ல" என்றார். நானும் அதை நம்பி அப்படியே விட்டுவிட்டேன்.

ஈர நெல் குவியலாகக் கிடந்தால் உள்ளே அவியும். இது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நெல்லுக்கு என்ன ஆகுமென்றுதான் எல்லாரும் கவலைப்பட்டோம்.

கிழமைகள் கழித்துப் பெட்டியை எடுக்கக் கைவிட்டபோது, காய்ச்சல்காரன் நெற்றிபோல நெல் சுட்டது. உள்ளே, படம் பதிந்த பசை கண்ணாடியை விட்டு வழுகி, கஞ்சியாடைபோல அடியில் சுருண்டு கிடந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் நிலத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மச்சான் அருகில் வந்து குந்தினார். பாவம், அவருக்கும் முகம் செத்துப்போயிருந்தது. "அதே நட்சத்திரம் அங்கதானே இரிக்கு மச்சான்? திரும்ப எடுங்களன்."

"ஓம்" என்றேன்.

எடுத்தும் பார்த்தேன். கோடு முற்றாக மறைந்திருந்தது. வாயு கலைந்துவிட்டது; திரும்ப எப்போது சேருமென்று எவருக்கும் தெரியாது. இனிமேல் எத்தனை படம் எடுத்தாலும், அவை மாறிப்போன நட்சத்திரத்தின் படங்கள். மாறுமுன் அது எப்படி இருந்ததென்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம். பேராசிரியருக்கு என் வாய்ச்சொல் எதற்கு? வர வர, எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.