பன்னிரண்டு நாள் தலைமையாசிரியர்

புதன்கிழமை காலை, முதல் பீரியட் முடிந்த நேரம். தாராவிப் பள்ளி ப்யூன் மாரியப்பன் போனில் கூப்பிட்டு, “டீச்சர், பெரிய சார் போயிட்டாவ” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “எங்கே போயிட்டார்? ஸ்கூல் திறந்து பன்னிரண்டு நாள்தான் ஆறது, அதுக்குள்ள எங்கே ஊர் சுத்தறார்? வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன்னு ஞாபகம் இருக்கா இல்லையா?” என்று கத்தினேன். மறுமுனையில் மாரியப்பன் அழுதார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

செல்லையா சாருக்கு ஐம்பத்தொரு வயது. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறியவர் நாலாவது படியில் உட்கார்ந்தாராம். “ஒரு மடக்குத் தண்ணி குடு” என்றாராம். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. முதல்நாள் சாயங்காலம்தான் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் என்னோடு நின்று வடாபாவ் தின்றார். மிளகாயை மட்டும் எனக்குத் தள்ளினார். இப்படிக்கூட ஒரு மனிதர் போவாரா? அவரை அறிந்த நீங்களாவது சொல்லுங்கள், நம்ப முடிகிறதா?

தாராவி மெயின் ரோட்டில் இருந்த தமிழ்ப் பள்ளியில் நானும் அவரும் இருபது வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூம். நம் பள்ளிகளில் ஏழாம் வகுப்போடு தமிழ் முடிந்துவிடும். சான்றிதழைக் கையில் வாங்கியதும் பையன்கள் பட்டறைக்குப் போவார்கள், பெண்கள் வீட்டில் உட்காருவார்கள். வேறு மொழிப் பள்ளியில் போய்ச் சமாளித்தவர்கள் சிலர்தான். இந்த வருஷம் நகரம் முழுக்க ஆறிலிருந்து எட்டுவரை புதிய நடுநிலைப் பள்ளிகள் என்று அறிவித்தார்கள். தமிழுக்கு இரண்டு. தாராவிக்குச் செல்லையா சார், செம்பூருக்கு நான். எனக்குச் செம்பூர் வீட்டுக்குப் பக்கம், நல்ல கட்டடம், குறை ஒன்றும் இல்லை. ஆனால் பட்டியலில் அவர் பெயர் என் பெயருக்கு மேலே இருந்தது. சர்வீசில் நான் இரண்டு வருஷம் மூத்தவள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

புதிய தலைமையாசிரியர்களை அறிமுகப்படுத்த மாட்டுங்காவில் ஒரு ஹாலில் கூட்டம். ஆளுக்கு இரண்டு நிமிஷம் மராத்தியில் பேச வேண்டும். அவருக்குப் பம்பாய் இந்தி தண்ணீர்பட்ட பாடு, மராத்தி உதைக்கும். நான் சொல்லச் சொல்ல அவர் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். “நம்ம எழுத்துல இருந்தாத்தான் டீச்சர் நமக்கு நாக்கு புரளும்.” மராத்தியில் குழந்தைக்கு ஒரு சொல், பெற்றோருக்கு ஒரு சொல். முதல் எழுத்தை அழுத்திச் சொன்னால் குழந்தை, மெல்லச் சொன்னால் பெற்றோர். தமிழில் எழுதினால் இரண்டும் ‘பாலக்’தான். அவர் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், மேலேயே சொல்லிவிட்டேன்.

மேடையில் அவர் மணிமணியாக வாசித்தார். இனி ஒவ்வொரு பெற்றோரும் தினமும் சீருடை அணிந்து ஏழு மணிக்குப் பள்ளிக்கு வருவார்கள், பெஞ்சில் சமர்த்தாக உட்காருவார்கள், வீட்டுப்பாடம் செய்வார்கள் என்றார். ஹால் குலுங்கியது. நானும் சிரித்தேன். இறங்கி வந்தவர், “என்ன டீச்சர் தப்பு?” என்று கேட்டார். சொன்னேன். “அடப்பாவமே! இந்தியில பாலக்னா கீரைல்லா, நான் அதுக்குத்தான் சிரிக்காங்கன்னு நெனைச்சேன்” என்றவர் விறுவிறுவென்று மறுபடி மேடையேறி மைக்கைப் பிடித்து, இந்தியில், “சொன்னது சொன்னதுதான். எங்கள் பள்ளியில் அம்மாக்களும் வருவார்கள்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீம்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மனிதர் செய்தேவிட்டார். எட்டாம் வகுப்புக்கு இருபது பேர் சேராவிட்டால் வகுப்பே கிடையாது என்பது விதி. சந்து சந்தாகப் போய், “பிள்ளைய அனுப்ப பயமா இருந்தா நீயும் வந்து உக்காரு தாயி. என்ன நடக்குன்னு பாரு. பிடிக்கலேன்னா கூட்டிட்டுப் போயிரு” என்று கூப்பிட்டார். இட்லி ஊற்றி முடித்த கையோடு அம்மாக்கள் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி கணக்குப் பாடத்தில் தூங்கிப்போனாள். அவளை எழுப்பாதே என்று மகளுக்குச் சைகை காட்டினாராம். ஒவ்வொரு பெயராகச் சேர்ந்து பத்தொன்பது ஆனது.

அந்த வடாபாவ் சாயங்காலம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார். “நல்லவேளை டீச்சர், அன்னைக்கு நீங்க பாத்துட்டும் திருத்தல. திருத்தியிருந்தா எனக்கு இந்த யோசனையே வந்திருக்காதுலா.” எனக்கு முகம் சுட்டது. தெரிந்திருக்கிறது! தெரிந்தும் இத்தனை நாள் ஒரு சொல் சொல்லவில்லை. “இன்னும் ஒரே ஒரு பேரு டீச்சர். இசக்கின்னு ஒரு பிள்ளை. அவ அம்மா கதவையே தொறக்க மாட்டேங்கா. நாளைக்கும் போய் நிப்பேன்” என்று சொல்லி ரயிலுக்கு ஓடினார். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

அவருடைய நாளை வரவில்லை. இறுதிச் சடங்கு முடிந்த கையோடு தாராவிப் பள்ளிப் பொறுப்பையும் என்னிடம் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்‌ஷனை நாலு நாள் தள்ளிவைத்தார்கள். ஒரு பெயர் குறைந்தால் வகுப்பை மூடிவிட்டு, பிள்ளைகளைச் செம்பூருக்கு அனுப்பச் சொன்னார்கள். தாராவியிலிருந்து செம்பூருக்கு எந்த அம்மா மகளை ரயிலில் அனுப்புவாள்? பத்தொன்பது பேரும் வீட்டில்தான் உட்காருவார்கள். வெள்ளிக்கிழமை பெயர் கூப்பிட்டேன். எல்லாரும் “ஹாஜர்” சொன்னார்கள். முன்வரிசைப் பெண் எழுந்து, “டீச்சர், நீங்களும் போயிருவீங்களா?” என்று கேட்டாள். கடைசி பெஞ்சு அம்மாக்கள் என் வாயையே பார்த்தார்கள். மத்தியானமே செம்பூர் வேண்டாம், தாராவியையே நிரந்தரமாகக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது பத்தொன்பது பெயர்கள், கேட்காமல் போன ஒரு மன்னிப்பு, இன்னொருவர் வீட்டு வாசலில் கூச்சப்படாமல் போய் நிற்கும் பழக்கம். மூன்றாவதை இப்போதுதான் கற்கிறேன். இருபது வருஷத்தில் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி அந்தச் சந்துகளுக்குள் நான் போனதே இல்லை. நேற்று போனேன். மூன்று முறை வழி தவறி, சேலையெல்லாம் சகதியாகி, இசக்கி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“யாரு அது? வேண்டாம்னு சொல்லியாச்சுல்லா?” என்று உள்ளேயிருந்து குரல்.

“செல்லையா சார் வரச்சொல்லியிருந்தார்” என்றேன்.

உள்ளே பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் தாழ்ப்பாள் விலகியது.