தம்பியின் பெயரில் துவக்குகள்

என் மனைவிக்கு இரண்டு சகோதரர்கள். மூத்தவர் கனடாவில் இருக்கிறார். இளையவர் புங்குடுதீவில், குறிகட்டுவான் வீதியில் உள்ள தாய்வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். போரின் கடைசி ஆண்டில் வன்னியில் அகப்பட்டுக்கொண்டவர் இளையவர். இயக்கத்தவர்கள் பிடித்துக்கொண்டு போய்க் கையில் துவக்கைக் கொடுத்தார்கள். சில மாதங்கள் வைத்திருந்தார். பிறகு இராணுவத்திடம் சரணடைந்து, புனர்வாழ்வு முகாமில் இருந்து, வீட்டுக்கு வந்தார். இப்போது பனை அபிவிருத்திச் சங்கத்தில் வேலை. இரண்டு பெண்பிள்ளைகள். அந்தச் சில மாதங்களைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை. ஆனால் அவரைப் பற்றிய கோப்பு எங்கேயோ இருக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை சிவில் உடையில் புலனாய்வுக்காரர் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, வேலை எப்படி, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

மூத்தவர் நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்திருந்தார். கூட ஒரு நண்பர், சுவிஸிலிருந்து. இருவரும் சிறுவயதில் ஒரே வகுப்பு. ஒருவர் கனடாவிலும் மற்றவர் சுவிஸிலும் துப்பாக்கிச் சூட்டுக் கழகங்களில் உறுப்பினர்கள் என்பது எனக்குத் தேர்த் திருவிழா அன்று மத்தியானம்தான் தெரியவந்தது.

தேரன்று அம்மனைக் கும்பிட்டு, வெயிலில் படகேறி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்திருந்தோம். விறாந்தையில் இரண்டு பேரும் பிளாஸ்டிக் கதிரைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு தொலைபேசியில் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகளின் படமாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். இரும்புப் பெட்டகம் ஒன்றின் கதவு திறந்திருந்தது. உள்ளே பச்சைத் துணியில் வரிசையாகத் துவக்குகள்.

"இது மானுக்கு," என்றார் மூத்தவர். "இது வாத்துக்கு. இது ஒண்டுக்குமில்லை, வடிவுக்கு. கட்டையைப் பார், வால்நட் மரம். நான்தான் எண்ணெய் போட்டுத் தேய்ச்சனான்."

"உங்கடை நாட்டிலை காடு இருக்கு, சுடுறியள்," என்றார் சுவிஸ்காரர். "நாங்கள் முந்நூறு மீற்றரிலை கடதாசியைச் சுடுறம்."

"கடதாசி திருப்பிச் சுடாது எண்ட தைரியம்," என்றாள் என் மனைவி, கோப்பைகளை எடுத்துக்கொண்டு.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுவிஸ்காரர் தன்னுடையதைக் காட்டினார். சுவிஸில் கட்டாய இராணுவச் சேவை முடிந்தபோது அனுமதி எடுத்துத் தன்னோடு வைத்துக்கொண்ட துவக்கு. அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்ததாகவும், மனைவி கட்டிலை மாற்றச் சொன்னதாகவும், தான் மனைவியை மாற்ற யோசித்ததாகவும் சொன்னார். மூத்தவர் சுடும்போது மூச்சை எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று செய்துகாட்டினார். இடதுகையை நீட்டி, கன்னத்தைச் சரித்து, ஒரு கண்ணை மூடினார். கை நீண்டிருந்த திசையில் படலை இருந்தது. படலைக்கு வெளியே, சந்தியில், கடற்படையின் காவற்கொட்டில்.

இளையவர் வாசற்படியில் நின்றார்.

"விறாந்தைக் கதவைச் சாத்தட்டே அண்ணை?"

"இந்த வெக்கைக்குள்ளையோ? நீ வந்து இதைப் பார்."

அவர் வரவில்லை. நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பத்திரிகையில் வேலை செய்கிற எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைக் கண்டாலும் மறுநாள் செய்தியாக எப்படி வரும் என்று மனம் எழுதத் தொடங்கிவிடும். 'தீவகத்தில் வீடொன்றில் ஆயுதப் படங்களுடன் முன்னாள் உறுப்பினர் ஒருவர் சந்தேகத்தின்பேரில்...' அந்த வாக்கியத்தை முடிக்க நான் விரும்பவில்லை.

"இஞ்சை நெட் நல்லா இழுக்குது," என்றார் மூத்தவர். "காலமை எங்கடை கிளப் குறூப்புக்கு முழுக் கலெக்ஷனையும் போட்டிட்டன். இப்ப அவங்கள் ஒவ்வொருத்தனும் தன்ரை தன்ரையைப் போடுறாங்கள். பார், வந்துகொண்டே இருக்கு."

"எந்தப் போனிலையிருந்து?" என்று இளையவர் கேட்டார். குரல் மிகச் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இதிலைதான்."

'இது' எது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூத்தவர் வந்த வாரமே அவருடைய கனடாத் தொலைபேசி படகில் அலை அடித்து நனைந்து செத்துப்போயிற்று. யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் புதிது ஒன்று வாங்கினார்கள். கடவுச்சீட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தபடியால், சிம் எடுக்க இளையவர் தன் அடையாள அட்டையைக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இப்படிச் சிம் எடுத்துக் கொடுப்பது எங்கள் ஊர்களில் உபசாரத்தின் ஒரு பகுதி. கட்டிலுக்குப் புது விரிப்புப் போடுவதுபோல, கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று போத்தல் தண்ணீர் வாங்கி வைப்பதுபோல. யாரும் யோசிப்பதில்லை. இளையவரும் யோசிக்கவில்லை. கனடாத் தொலைபேசியில் இருந்த பழைய படங்கள் எல்லாம் புதுத் தொலைபேசிக்குத் தானாக இறங்கின. புது இலக்கத்தில் வாட்ஸ்அப் திறந்தார்கள். அந்த இலக்கத்திலிருந்துதான் இப்போது துவக்குகள் போய்வந்துகொண்டிருந்தன.

"அண்ணை, அந்தச் சிம் என்ரை பேரிலை."

"அதுக்கென்ன?"

"அழியுங்கோ."

"அழிக்க என்ன இருக்கு? எல்லாம் லைசென்சோடை வைச்சிருக்கிற சாமான். ஒளிக்கிறதுக்கு நான் என்ன கள்ளனே?"

"நீங்கள் கள்ளன் இல்லை அண்ணை. நான்தான் புனர்வாழ்வு."

மூத்தவருக்குக் கோபம் வந்தது, வெட்கமும் வந்திருக்கவேண்டும். உதெல்லாம் அந்தக் காலம், இப்ப ஆர் பார்க்கிறான், நீ இன்னும் பயந்துகொண்டு இருக்கிறாய் என்றார். பிறகு தொலைபேசியை எடுத்துச் சில படங்களை அழித்தார். சுவிஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இஞ்சை அழிச்சாலும் அங்கை ஆக்களின்ரை போனிலை இருக்குமெல்லோ," என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சரியான தகவலைச் சொல்லும் பழக்கம் உள்ளவர். இளையவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பின்னேரம் மோட்டார் சைக்கிள் வந்தது. சத்தத்தை வைத்தே என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். ஊர்க்காரர் யாரும் அந்தப் படலையடியில் எஞ்சினை நிறுத்தாமல் நிற்பதில்லை. இவர்கள் சற்று நேரம் ஓடவிட்டுப் பிறகுதான் நிறுத்துவார்கள். இளையவரின் மனைவி பிள்ளைகளைப் பின்பக்கத்தால் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள்.

வந்தது வழக்கமான விசாரணைதான். வெளிநாட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள், எத்தனை நாள் நிற்பார்கள். வந்த இருவரில் வயது கூடியவர் தமிழ் நன்றாகப் பேசினார். மூத்தவர் அவர்களை இருத்தி, சொக்கலேட் தட்டை நீட்டினார். கனடாவில் ஒரு பொலிஸ்காரரை இருத்துவதுபோல இயல்பாக இருத்தினார். அந்த இயல்புதான் எனக்குப் பயமாக இருந்தது. மூத்தவரின் மேற்சட்டையில் இரண்டு துவக்குகள் குறுக்காக நிற்கும் கழகச் சின்னம் இருப்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். வயது கூடிய அதிகாரி எனக்கு முன்னமே கவனித்திருந்தார்.

"இது என்ன கிளப்?"

மூத்தவரின் முகம் மலர்ந்தது. தன் மனம்விரும்பிய விடயத்தைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த மனிதரின் முகம். தொலைபேசியை எடுத்தார். நான் இருமினேன். சுவிஸ்காரர் என்னைப் பார்த்துவிட்டு, தண்ணி குடியுங்கோ என்றார்.

அதிகாரி அழிக்காமல் மிச்சமிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அவசரப்படவில்லை. விரலால் பெரிதாக்கிக் குழலைப் பார்த்தார், பிறகு கட்டையைப் பார்த்தார். "இது எத்தனை மீற்றருக்கு நல்லம்?" என்று கேட்டார். தானும் ஒருகாலத்தில் படையணிகளுக்கிடையிலான சூட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டவர் என்றார். அதன் பிறகு அங்கே மூன்று துவக்குப் பிரியர்கள் இருந்தார்கள். காற்று பக்கவாட்டில் அடித்தால் எவ்வளவு தள்ளிக் குறிவைப்பது, தோளில் எந்த இடத்தில் பதிப்பது, ஈரமான காலத்தில் துருவை எப்படித் தடுப்பது. உப்புக் காற்றில் எதுவும் தங்காது என்று அதிகாரி சொன்னபோது மூத்தவர் ஆமோதித்தார். நல்ல சம்பாஷணை. வேறோர் இடத்தில் என்றால் நான் பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்திருப்பேன்.

இளையவர் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றார். என் மனைவி அவர் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

"இந்தப் படம் எனக்கு அனுப்புங்க," என்றார் அதிகாரி. "நம்பர் சொல்லுங்க."

மூத்தவர் இலக்கத்தைச் சொன்னார். அதிகாரி பதிந்தார். பிறகு, தொழிற்பழக்கத்தில், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"சிம் யார் பேர்ல?"

"தம்பியின்ரை பேரிலை," என்றார் மூத்தவர்.

அப்போதுதான் அதிகாரி இளையவரைப் பார்த்தார். அவரைப் பல தடவை பார்த்தவர்தான். ஆனால் இந்தத் தடவை பார்வையை எடுக்க நேரமாயிற்று.

"மல்லிக்கு இதில ஆசை இல்லையா?" என்றார், தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி.

"இல்லை சேர். எனக்கு உதைப்பற்றி ஒண்டும் தெரியாது."

அதிகாரி சிரித்தார். தேநீரைக் குடித்தார். சொக்கலேட் ஒன்றைப் பிள்ளைகளுக்கு என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

"பார்த்தியே," என்றார் மூத்தவர், மோட்டார் சைக்கிள் சந்தி திரும்பியதும். "எவ்வளவு நல்ல மனிசன். நீ சும்மா பயப்பிட்டு பயப்பிட்டு வாழுறாய்."

இளையவர் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

திருவிழா முடிந்து இரண்டு பேரும் போனார்கள். போகும்போது மூத்தவர் அந்தத் தொலைபேசியைத் தம்பிக்குப் பரிசாகக் கொடுத்தார். நல்ல போன், நீ வைச்சுக்கொள் என்றார். விமான நிலையத்திலிருந்து போன் எடுத்து அழுதார். அன்பில் குறையே சொல்ல முடியாத மனிதர்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் புங்குடுதீவுக்குப் போனேன். இளையவர் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். விறாந்தையில் அல்ல, குசினிக்குப் பின்னால் கதிரை போட்டார். தொலைபேசியை எடுத்துத் தந்தார்.

அதிகாரி செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தார். முதலில் பூப்படத்தோடு காலை வணக்கம். பிறகு, அண்ணா போயாச்சா, இந்த போன் இப்ப மல்லியிடமா என்ற கேள்வி. இளையவர் 'ஓம் சேர்' என்று மட்டும் எழுதியிருந்தார். பிறகு சூட்டுத் தளத்தில் அதிகாரி படுத்துக் குறிபார்க்கும் படம். அதற்கு இளையவர் கும்பிடும் கைகளை அனுப்பியிருந்தார். வேறு எதை அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நிப்பாட்டி வைச்சால் என்ன?" என்று கேட்டேன்.

"அண்ணை போனவுடனை நம்பர் செத்தால், ஏன் செத்தது எண்டு வருவினம் அத்தான். சார்ஜ் போட்டு வைச்சிருக்கிறன். குளிக்கேக்கையும் பக்கத்திலை வைக்கிறன்."

அன்று காலை வந்திருந்த படம்தான் என்னை அழைத்த காரணம். ஒரு பழைய துவக்கு, சிமெந்துத் தரையில் கிடத்தி எடுத்தது. கட்டை உரிந்திருந்தது. கீழே ஒரே கேள்வி: 'மல்லி, இது தெரியுமா?'

"தெரியுமோ?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "உதுதான் வன்னியிலை என்ரை கையிலை தந்தவங்கள்."

தெரியும் என்றால், அன்று விறாந்தையில் சொன்னது பொய். தெரியாது என்றால், கோப்பில் இருப்பதற்கு மாறான பொய். முகாமில் அவரே எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம் அந்தக் கோப்பில் இருக்கிறது. அதிகாரி தன் ஆசையில் கேட்கிறாரா, தன் வேலையில் கேட்கிறாரா என்று நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு நல்ல மனிதர் தன் பொழுதுபோக்கைப் பகிர ஒரு கூட்டாளி தேடுவதாகவும் இருக்கலாம். வாழ்நாள் முழுதும் மற்றவர்களின் வாக்கியங்களைத் திருத்திச் சம்பளம் வாங்கிய எனக்கு, ஒரு வரி கிடைக்கவில்லை.

மூத்தவரை அழைத்தோம். அங்கே அதிகாலை. படத்தை அனுப்பியதும் உற்சாகமாக எழும்பிவிட்டார்.

"அட, இது பழைய சாமான். உங்கை எங்கையடா கிடந்தது? மொடலைச் சொல்லுறன், எழுது..."

"அண்ணை," என்றார் இளையவர். "நித்திரை கொள்ளுங்கோ." தொடர்பை வெட்டினார்.

கடைசியில் அவரே எழுதினார். 'அண்ணாவுக்குத்தான் இதெல்லாம் தெரியும் சேர். அவரைக் கேட்டுச் சொல்கிறேன்.' என்னிடம் காட்டினார். எழுத்துப் பிழை இல்லை என்றேன். அனுப்பினார். இரண்டு கோடுகள் உடனே நீலமாயின. அதிகாரி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று மேலே காட்டியது. பிறகு அது நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. எதுவும் வரவில்லை.

யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸின் கோர்ன் சத்தம் வீதியில் கேட்டது. நான் எழும்பினேன். இளையவர் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்தார்.

"இருங்கோ அத்தான். அடுத்ததிலை போகலாம்."

அன்று அடுத்த பஸ் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் இருந்தேன்.