வளரட்டும் என்று ஜெபித்த கட்டி

மலத்தில் இரத்தம் வந்தபோது மூலம் என்றுதான் நினைத்தேன். தாராவியில் ஜாக்கெட் தைக்கிற கடை என்னுடையது. நாளெல்லாம் மிஷினில் உட்காருகிறவனுக்குச் சூடு பிடிக்காதா? கடைக்கு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், ஆளுக்கொரு கைமருந்தோடு.

மூலம் இல்லை. பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சையும் கீமோவும் (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) முடிந்து நிம்மதியாக இருந்தபோது கல்லீரலில் மறுபடி தலைகாட்டியது. இனிக் கொடுக்க இரண்டு மருந்துகள் இருந்தன. எது கேட்கும் என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. முதலாவது தவறினால், இரண்டாவதைத் தாங்க என் உடம்பில் தெம்பு மிஞ்சுமா என்பதுதான் பயம்.

“ஆராய்ச்சிக்கு ஒரு துணுக்குத் தருகிறீர்களா?” என்று இந்தியில் கேட்டார். கட்டியிலிருந்து ஊசியால் எடுத்ததை ஆய்வகத்தில் ஆர்கனாய்டாக (நோயாளியின் உயிரணுக்களிலிருந்து வளர்க்கும் மிகச் சிறிய மாதிரி உறுப்பு) வளர்த்து, அதன்மேல் இரண்டு மருந்தையும் போட்டுப் பார்ப்பார்களாம். “உறுதி இல்லை. ஒரு குறிப்பு கிடைக்கலாம்.”

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கடைக்கு வர முடியாத பெண்கள் அளவு ஜாக்கெட் கொடுத்தனுப்புவார்கள். அதை வைத்தே தைத்துவிடுவோம். இது என் கட்டியின் அளவு ஜாக்கெட். சம்மதித்து, துணுக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம். நடத்துகிறவர் எதிர்வீட்டு எஸ்தர் அக்கா. அவர் குரலுக்கு மைக் தேவையில்லை.

“ஆண்டவரே, இவன் கட்டி எங்க இருந்தாலும் கருகிப் போவட்டும்!”

அந்த வாரமே ஆய்வகத்திலிருந்து தகவல் வந்தது. துணுக்கு வளரவில்லை, செத்துப்போயிற்று. அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன்.

“பாத்தியா, கேட்டுட்டாருல்லா!” என்றார் அக்கா. எல்லாரும் “ஸ்தோத்திரம்” என்றார்கள்.

என் மனைவி ஜெயசீலிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “எக்கா, அது சாவக் கூடாதுக்கா. அளவு ஜாக்கெட்டக் கொளுத்திட்டா எத வச்சுத் தைக்கது?”

“அப்போ கட்டி வளரணும்னு ஜெபிக்கச் சொல்லுதியாட்டி? இது எந்த ஊரு நியாயம்?”

இரண்டாம் முறை ஊசியால் துணுக்கு எடுக்க ஒப்புக்கொண்டேன். அந்த வாரக் கூட்டத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். வழக்கத்தைவிட மெதுவாக ஆரம்பித்தார். “ஆண்டவரே, இவனுக்குள்ள இருக்கது சாவட்டும். ஆஸ்பத்திரில இருக்கது நல்லா வளரட்டும். அட்ரஸ் மாறிராம பாத்துக்கிடும்.”

ஜெபத்துக்கு நடுவில் நாங்கள் அத்தனை பேரும் சிரித்தோம். நோய் வந்தபின் எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

இந்த முறை வளர்ந்தது. ஆய்வகத்துப் பெண் நுண்ணோக்கியில் காட்டினாள். மழைத் தண்ணீரில் எழும் குமிழிகள் போல, உருண்டை உருண்டையாக. இதுவா என்னைக் கொல்ல வந்தது? பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு மருந்துக்கு அவை அசையவேயில்லை. மற்றதற்குக் கறுத்து உடைந்து கிடந்தன. அசையாததைத்தான் டாக்டரம்மா முதலில் கொடுப்பதாக இருந்தார். மாற்றினார். அடுத்த ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியிருந்தன. “இப்போதைக்கு” என்ற சொல்லை அவர் விடாமல் சேர்த்துக்கொண்டார். அதையும் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன்.

இந்தச் சோதனை எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. சிலருக்கு வளராது, சிலருக்கு வளர்வதற்குள் நேரம் போய்விடும். ஆய்வகத் தட்டில் நடந்தது உடம்பிலும் நடக்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஆனாலும் உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆய்வகத்தில் வளர்ந்ததில் மிச்சத்தை வேறு மருந்துகளைச் சோதிக்க உறைய வைத்திருக்கிறார்கள், என் சம்மதத்தோடு. அந்தக் குளிரில் என்னில் ஒரு துளி, வயதே ஏறாமல் கிடக்கிறது. ஏறுகிற வயதெல்லாம் எனக்குத்தான். மருந்தால் கொட்டிய முடி மறுபடி முளைத்தபோது முழுக்க நரையாகவே முளைத்தது.

“கெழவன் மாதிரி இருக்கீய. டை அடிச்சு விடட்டா?” என்றாள் ஜெயசீலி.

“வேண்டாம்ட்டி, இருக்கட்டும்.”

சீப்பை வாங்கிக் கண்ணாடி முன் நின்று, அவசரமே இல்லாமல் வகிடெடுத்தேன்.